பால்மரமும் செம்பனையும்: வேதியியலின் இரு கிளைகள்

இக்கால வேதியியல் ஆராய்ச்சியில் முன்னணியில் நிற்கும் துறைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று வினையூக்கிகளைப் பற்றியது. மற்றொன்று நியூக்ளிக் அமிலங்களைப் பற்றியது. நோபல் பரிசுப் பட்டியலை நோக்குவோர்க்கு இஃது எளிதில் விளங்கும். வேதியியலுக்கான 2020ஆம் ஆண்டுப் பரிசு, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறையைக் கண்ட சார்ப்பென்டியே, டௌட்னா என்னும் இரு பெண்மணிகளுக்குச் சென்றது. அடுத்த ஆண்டுப் பரிசு, உலோகத்தின் துணையின்றியே வினையை ஊக்கும் சிறு கரிமச் சேர்மங்களை ஆய்ந்த லிஸ்ட், மெக்மில்லன் ஆகிய இருவருக்கும் கிடைத்தது.

இவையெல்லாம் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் நடப்பவை. கோலசிலாங்கூருக்கும் சபாக்குக்கும் இவற்றோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு, மிக நெருங்கிய தொடர்பே உண்டு. வடசிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் ஓங்கி நின்றதும், அது வீழ்ந்து செம்பனை எழுந்ததும், லயங்களில் குடும்பங்கள் நிறைந்ததும், பின்னர் அவை குறைந்ததுமாகிய வரலாற்றில் இவ்விரு துறைகளின் பங்கும் கலந்திருக்கிறது. தோட்ட வரலாற்றை எழுதுவோர் துரையையும் கங்காணியையும் கூலியையும் வேலைநிறுத்தத்தையும் எழுதுகின்றனர். அவை எழுத வேண்டியவையே. ஆயினும் அவற்றுக்கு அடியில் ஓடிய வேதியியல் வரலாறு நம்மிடையே பெரிதும் பேசப்படுவதில்லை. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினையூக்கி என்பது யாது?

தான் செலவாகாமல் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள் வினையூக்கி எனப்படும். பழைய பாடநூல்கள் இதனைக் கிரியா ஊக்கி என்று வழங்கின. 1835இல் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் இந்நிகழ்ச்சிக்குப் பெயரிட்டார். திருமணத் தரகர் இரு வீட்டாரையும் கூட்டிவைத்த பின், தாம் அங்கே தங்கிவிடாமல் அடுத்த வீட்டுக்குப் புறப்படுவதில்லையா? வினையூக்கியின் இயல்பும் அத்தகையதே. ஒரு சிட்டிகை ஊக்கி மூட்டை மூட்டையாகப் பொருளை மாற்றிவிடும்.

விரைவுபடுத்துவது மட்டும் அதன் பணியன்று. சேரக்கூடிய வழிகள் பல இருக்கும்போது, எவ்வழியில் சேர வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிப்பதுண்டு. இச்செய்தியை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். ரப்பரின் கதை முழுதும் இதனைச் சுற்றியே சுழல்கிறது. உயிர்களின் உடலுக்குள் இப்பணியைச் செய்யும் ஊக்கிகளுக்கு நொதிகள் என்று பெயர். பால்மரத்தின் பட்டைக்குள்ளும் அவை இடையறாது வேலை செய்கின்றன.

ரப்பரும் கட்டாபெர்ச்சாவும்

1826இல் மைக்கேல் ஃபாரடே ரப்பரைப் பகுத்து, அது 5 கரி அணுவுக்கு 8 நீரக அணு என்ற விகிதத்தில் அமைந்தது எனக் கண்டார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடேற்றி வடித்து, ஐசோப்பிரின் என்னும் நீர்மத்தைப் பிரித்தார். இந்த ஐசோப்பிரின் அலகுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலியே ரப்பர் மூலக்கூறு. இத்தகைய நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் உண்மையாகவே உள்ளன என்று 1920இல் ஜெர்மனியின் ஸ்டாடிங்கர் எடுத்துரைத்தபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல்தான்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. மலாயாக் காடுகளில் கட்டாபெர்ச்சா என்னும் பால் தரும் மரம் ஒன்று வளர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக்கம்பிகளுக்கு உறையிட அதன் பாலே பயன்பட்டது. அதுவும் ஐசோப்பிரின் அலகுகளால் ஆன சங்கிலியே. ஆயினும் ரப்பரைப் போல் அது நீண்டு மீளுவதில்லை. கெட்டியாக இறுகி நிற்கும். ஒரே அலகால் ஆன இரு பொருள்களுக்குள் இத்துணை வேறுபாடு எவ்வாறு வந்தது? ரப்பரில் ஒவ்வோர் அலகின் இரு நுனிகளும் இரட்டைப் பிணைப்புக்கு ஒரே பக்கத்தில் அமைகின்றன. அதனால் சங்கிலி வளைந்து சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருள்கிறது. கட்டாபெர்ச்சாவில் நுனிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைகின்றன. அதனால் சங்கிலிகள் நேராக நீண்டு, அடுக்கிய விறகுபோல் நெருங்கிப் படிந்து இறுகுகின்றன. முதல் அமைப்பை ஒருபக்க அமைப்பு என்றும் இரண்டாவதை எதிர்ப்பக்க அமைப்பு என்றும் கூறலாம்.

பால்மரத்தின் நொதி ஆயிரமாயிரம் அலகுகளைச் சேர்க்கும்போது, ஏறக்குறைய ஒன்றுகூடத் தவறாமல் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகவே அமைக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியோடு நிரைக்குச் சென்று, மங்கில் சொட்டும் பாலை வாளியில் சேர்த்தவர்கள் ஏந்தி வந்தது இந்நொதியின் கைவேலையைத்தான்.

போர்க்காலத்துச் செயற்கை ரப்பர்

மரத்தை நம்பாமல் ரப்பர் செய்யும் முயற்சி பழையது. 1909இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் செயற்கை ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகியவற்றைக் கொண்டு அந்நாட்டவர் புதுவகை ரப்பர் செய்தனர். 1942இன் தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் கைக்குச் சென்றது. நேச நாடுகளுக்கு ரப்பர் வரும் வழி அடைபட்டது. உடனே அமெரிக்க அரசு பெருந்தொழிற்சாலைகளை எழுப்பி, அதே வகைச் செயற்கை ரப்பரை மிகுதியாகச் செய்தது. ரப்பருக்கு விலையிழந்த மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

ஆனால் அப்போர்க்காலச் செயற்கை ரப்பர் மரத்து ரப்பரின் உண்மையான நகல் அன்று. வேறு அலகுகளால் ஆன வேறு பொருள். கனத்த வண்டிகளின் சக்கரத்தில் அது எளிதில் சூடேறும். எனவே போர் முடிந்தபின் பால்மரத்துக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஐசோப்பிரினைக் கோத்து மரத்தைப்போல் ஒரே பக்கமாக அமைக்கும் வித்தை மட்டும் அன்றைய வேதியியலாருக்குக் கைவரவில்லை. அதற்குரிய வினையூக்கி அப்போது இல்லை.

1953: முல்ஹைம் நகரில் ஒரு கண்டுபிடிப்பு

ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் நிலக்கரி ஆராய்ச்சிக்கென நிறுவப்பட்ட கழகம் ஒன்று உள்ளது. அங்கே கார்ல் சீக்ளர் என்பவர் அலுமினியச் சேர்மங்களைக் கொண்டு எத்திலீன் வாயுவைச் சங்கிலியாக்க முயன்றுகொண்டிருந்தார். ஒருமுறை சங்கிலி வளராமல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. காரணம் தேடியபோது, பாத்திரத்தில் ஒட்டியிருந்த நிக்கல் துகள் என்று தெரிந்தது. ஓர் உலோகம் சங்கிலியைத் தடுக்குமாயின் வேறோர் உலோகம் அதனை வளர்க்கவும் கூடும் அன்றோ? அவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடியதில், 1953இல், டைட்டேனியம் குளோரைடும் அலுமினியச் சேர்மமும் சேர்ந்த ஊக்கி அகப்பட்டது. சாதாரண அழுத்தத்திலேயே எத்திலீன் நெடுஞ்சங்கிலியாயிற்று. அடுத்த ஆண்டு இத்தாலியின் ஜூலியோ நாட்டா, இவ்வூக்கியால் சங்கிலி அலகுகளின் திசையையும் ஒழுங்குபடுத்த இயலும் எனக் காட்டினார். 1963இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதன் எதிரொலி தோட்டங்களுக்கு எட்டாமற் போகவில்லை. 1954-55இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தார் சீக்ளர் வகை ஊக்கியைக் கொண்டும், பயர்ஸ்டோன் நிறுவனத்தார் லித்தியம் உலோகத்தைக் கொண்டும், ஐசோப்பிரினை ஒருபக்க அமைப்பில் கோத்துவிட்டனர். மரத்தின் நொதி காலங்காலமாகச் செய்துவந்த வேலையைக் குடுவைக்குள் ஒரு சிட்டிகை உலோகச் சேர்மம் செய்தது. சீக்ளர் வகை ஊக்கி அமைத்த சங்கிலியில் நூற்றுக்கு 96 முதல் 98 வரையான அலகுகள் ஒரே பக்கமாக நின்றன. லித்தியம் அமைத்ததில் இதனினும் சற்றுக் குறைவு. மரத்து ரப்பரிலோ ஏறக்குறைய நூற்றுக்கு நூறு.

எஞ்சிய அச்சிறு குறையே பால்மரத்தை அழியாமற் காத்தது எனலாம். ஒழுங்கு பிசகாத சங்கிலிகளே இழுக்கும்போது வரிசையாகப் படிந்து உறுதி பெறுகின்றன. ஆகவே விமானச் சக்கரத்துக்கும் கனரக வண்டிச் சக்கரத்துக்கும் இன்றளவும் மரத்து ரப்பரே வேண்டப்படுகிறது. எனினும் விலை ஏறும்போதெல்லாம் வாங்குவோர் செயற்கை ரப்பரின் பக்கம் திரும்பும் நிலை வந்துவிட்டது. கொரியப் போரின்போது உச்சத்துக்கு ஏறிய ரப்பர் விலை பின்னர் இறங்கியது; 1960கள் முழுதும் அது நலிந்தே சென்றது.

ஆய்வுக்கூடத்தின் மறுமொழி

மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டத்தின்வழி அமைக்கப்பட்டது. அதன் சோதனைத் தோட்டம் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் இருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியை அக்கழகம் மூன்று வழிகளில் எதிர்கொண்டது. முதலாவது தரப்படுத்தல். கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த ரப்பரை, அழுக்கின் அளவு முதலியவற்றைச் சோதித்துச் சான்று தந்து விற்கும் திட்டம் 1965இல் தொடங்கியது. இரண்டாவது பாலைப் பெருக்குதல். எத்திபோன் என்னும் மருந்தைப் பட்டையில் தடவினால் அது உள்ளே சிதைந்து எத்திலீனை வெளியிடும். பால் விரைவில் உறைந்து அடைபடாமல் நெடுநேரம் வடியும் என 1960களின் இறுதியில் கண்டனர். சீக்ளர் குடுவையில் சங்கிலியாக்கிய அதே எத்திலீன், இங்கே மரத்துக்குத் துணையாக வந்தது.

மூன்றாவது நல்லினம் தேர்தல். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனத்தைத் தோட்டத்தார் பலர் அறிவர். ஜாவாவின் ஜிர் 1 என்ற இனத்தையும், பி.பி. 86 என்ற இனத்தையும் கலந்து அதனைப் பெற்றனர். பி.பி. என்பது பிராங் பெசார் என்னும் சிலாங்கூர்த் தோட்டத்தின் முதலெழுத்துகள். 1990களில் அத்தோட்ட நிலத்தில் புத்ராஜெயா நகரம் எழுந்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் பகுதி அடுக்குமாடிகளுக்கு மாறின. தோட்டம் மறைந்தபின்னும் அதன் பெயர் ஒரு மரத்தின் வம்சாவழியில் நிலைத்திருக்கிறது. சுங்கை பூலோச் சோதனைத் தோட்டத்தின் பெரும்பகுதியும் இன்று குவாசா டாமன்சாரா என்னும் புதுநகராகி வருகிறது.

தென்னமாரம் தோட்டத்துச் செம்பனை

ரப்பரின் விலை நலிந்தபோது தோட்ட முதலாளிகள் நாடியது செம்பனையை. இந்நாட்டில் அது முதன்முதலில் வாணிக நோக்கோடு நடப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்திலேயே. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில், 1917இல், ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை நட்டார். இவர் பின்னர் மலாயா வாழ்வைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றார். தோட்டத்தின் பெயரைக் கேட்கும் தமிழ்ச் செவிக்குத் தென்னை மரமே நினைவில் எழும். தென்னையின் பெயரை ஒலிக்கும் மண்ணில் ஆப்பிரிக்கப் பனை வேரூன்றியது ஒரு புதுமையே.

செம்பனையிலும் வினையூக்கியின் ஆட்சி உண்டு. பழத்தின் சதைக்குள் எண்ணெயைப் பிளக்கும் லிப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. குலை வெட்டுண்டு கீழே விழும்போது பழம் நசுங்குகிறது. நொதியும் எண்ணெயும் கலக்கின்றன. எண்ணெய் பிளவுண்டு கொழுப்பமிலம் பெருகுகிறது. அவ்வமிலம் நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டினால் எண்ணெயின் மதிப்பு குறையும். எனவேதான் வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கு ஏற்றி, நீராவியில் வேகவைத்து, அந்நொதியை அழிக்கின்றனர். குலை வெட்டுவோரையும் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களையும் ‘விரைந்து, விரைந்து’ என்று மண்டோர்கள் விரட்டியதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இந்நொதி நின்றது.

செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் பால்மரத்துக்கு வேண்டியவர்களில் ஒரு பகுதியினரே. பால்மரத்தை அடிக்கடி சீவ வேண்டும். செம்பனையிலோ பத்து நாளுக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை குலை வெட்டினால் போதும். 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலால் வேலையிழந்தோர் பலர். அதனைத் தடுக்க 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதை நாம் அறிவோம். துண்டாடலுக்கு அரசியற் காரணங்களும் வாணிகக் காரணங்களும் இருந்தன. அவற்றோடு பயிர் மாற்றமும் சேர்ந்தது. 1990 அளவில் இந்நாட்டில் செம்பனைப் பரப்பு ரப்பர்ப் பரப்பை மிஞ்சிவிட்டது.

நியூக்ளிக் அமிலத்தில் எழுதிய செய்தி

இனி இரண்டாம் துறைக்கு வருவோம். 1869இல் சுவிட்சர்லாந்தின் மீஷர், உயிரணுவின் உட்கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த ஒரு பொருளைப் பிரித்தார். அதுவே நியூக்ளிக் அமில ஆராய்ச்சியின் தொடக்கம். 1944இல் ஏவரியும் அவர்தம் துணைவரும், பரம்பரைச் செய்தியைத் தாங்குவது இவ்வமிலமே எனக் காட்டினர். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். சீக்ளரின் ஊக்கியும் இதுவும் ஒரே ஆண்டின் பேறுகள் என்பது கருதத்தக்கது. அவ்வமிலத்தின் எழுத்துகளைப் படிக்கும் முறையை வகுத்தோருள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968இல் நோபல் பரிசு பெற்றவர்.

செம்பனையில் மூவகை உண்டு. தடித்த ஓடுடையது டூரா. ஓடே இல்லாதது பிசிபேரா. இரண்டின் கலப்பால் பிறந்த மெல்லோட்டு வகை தெனேரா. ஓடு மெலிந்தால் சதை மிகும். தெனேராவில் எண்ணெய் டூராவினும் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல். இவ்வேறுபாடு ஒரே ஒரு மரபணுவைப் பொறுத்தது என்று 1941இல் காங்கோவில் பணியாற்றிய பெயர்நேர், வாண்டர்வேயன் ஆகியோர் கண்டனர். ஆனால் அம்மரபணு எது என்பது 72 ஆண்டுகள் புலப்படவில்லை. 2013இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலானோர் அமெரிக்க ஆய்வாளருடன் சேர்ந்து, செம்பனையின் மரபுத்தொகுதியையும் அவ்வோட்டு மரபணுவையும் படித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். நட்ட கன்று எவ்வகை என்பதை அறிய, அது காய்க்கும்வரை மூன்றாண்டு காத்திருந்த காலம் போயிற்று. நாற்றங்காலிலேயே ஓர் இலைத்துண்டைச் சோதித்தால் போதும்.

இரண்டாண்டு கழித்து மற்றொரு புதிரும் விடுபட்டது. திசுவளர்ப்பு முறையில் பெற்ற செம்பனைகள் சில, வளர்ந்தபின் கோணற்பழம் காய்த்து எண்ணெயின்றிப் பாழாயின. 1980களிலிருந்து இக்கேடு இம்முறையை அச்சுறுத்தி வந்தது. மரபெழுத்துகளில் மாற்றம் ஒன்றும் இல்லை. பின் ஏன்? டி.என்.ஏ.யின் சில எழுத்துகளின்மேல் ஒட்டியிருக்க வேண்டிய மெத்தில் என்னும் சிறு குறி, கர்மா என்ற துணுக்கில் உதிர்ந்துவிட்டிருந்தது. அதுவே காரணம் என 2015இல் மெய்லினா ஓங் அப்துல்லாவும் குழுவினரும் நிறுவினர். குறி நிலைத்த மரத்துக்கு நல்ல கர்மா என்றும், உதிர்ந்ததற்குத் தீய கர்மா என்றும் அவர்கள் பெயரிட்டனர். எழுத்து மாறாமலே அதன்மேல் வைத்த புள்ளியால் பொருள் மாறும் என்பது தமிழ் படித்தோர்க்கு விளக்க வேண்டாத செய்தி.

பால்மரமும் விடுபடவில்லை. 2016இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் ரிக்கென் கழகத்தாரும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 இனத்தின் மரபுத்தொகுதியை வெளியிட்டனர். ரப்பர்ச் சங்கிலியை உருவாக்குவதில் பங்குகொள்ளும் மரபணுக் குடும்பம் அம்மரத்தில் பெருகியிருப்பது தெரியவந்தது.

இரு கிளைகளும் கூடுமிடம்

ஊக்கி வேறு, மரபுச் செய்தி வேறு என்று நெடுங்காலம் கருதினர். ஆர்.என்.ஏ.யும் வினையூக்கியாக இயங்கவல்லது என்று கண்ட செக், ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவ்வேலி தகர்ந்தது. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனாத் ஆகியோர் ரிபோசோமின் அமைப்பை வரைந்து 2009இல் பரிசு பெற்றனர். நொதிகள் உட்பட எல்லாப் புரதங்களையும் கோத்துத் தரும் அவ்வுறுப்பில், கோக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.யே எனத் தெளிவாயிற்று. 2021இல் பரிசு பெற்ற லிஸ்ட் பணியாற்றுவது, சீக்ளர் பணியாற்றிய அதே முல்ஹைம் கழகத்தில் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

செம்பனைப் பழத்திலும் இக்கூடலைக் காணலாம். எண்ணெயைக் கெடுக்கும் லிப்பேஸ் நொதிக்குரிய மரபணுவை 2013இல் பிரெஞ்சு ஆய்வாளர் கண்டறிந்தனர். அந்நொதி மிகக் குறைந்த மரங்களும் உள்ளன என்று காட்டினர். அத்தகைய மரங்கள் பரவுமாயின், குலையை அவசரமாக வெட்டி ஏற்ற வேண்டிய தேவை தளரும். வெட்டும் ஆட்களின் எண்ணிக்கையும் மீண்டும் மாறும். 1953இன் ஊக்கி செய்ததைப் போன்றே, ஓர் ஆய்வுக்கூடச் செய்தி தோட்டத்து வேலையைத் தொடும்.

ஆசிரியர் கடன்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? தோட்டத்து மக்கள் வேதியியலுக்கு அயலார் அல்லர். பாலில் பார்மிக் அமிலம் விட்டுக் கட்டியாக்கியவர்கள், அமோனியா விட்டு உறையாமற் காத்தவர்கள், ஒட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் வாசத்தாலேயே பிரித்தறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையறிந்ததன் காரணம் மட்டும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. காரணம் அறியாத இடத்தில் மாற்றம் வரும்போது அது விதியாகத் தோன்றுகிறது. காரணம் அறிந்தவர் மாற்றம் வருமுன்பே வினவலாம். தம் மக்களை அத்துறைக்கே அனுப்பலாம். செம்பனையின் மரபெழுத்தைப் படித்தோர் வரிசையில் சம்பந்தமூர்த்தி என்னும் பெயர் இடம்பெற்றிருப்பது இது கைகூடும் என்பதற்குச் சான்று.

தமிழில் வேதியியல் சொல்ல இயலுமா என்ற ஐயமும் வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்ற நூல் 1875லேயே வெளிவந்தது. சபாக், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. செம்பனைப் பழம் இரண்டு போதும். ஒன்றை வேகவைத்தும் மற்றொன்றை நசுக்கியும் ஒருநாள் வைத்திருந்து, பின் எது புளிப்பேறியது என்று சோதித்துக் காட்டலாம். நொதி என்பது யாது, அது ஏன் வெப்பத்தில் அழிகிறது, பாட்டனார் வெட்டிய குலை ஏன் அன்றே ஆலைக்குச் சென்றது என்ற மூன்று வினாக்களுக்கும் அவ்விரு பழங்கள் விடை சொல்லும். பாடநூலில் பல பக்கம் சொல்லியும் நிற்காத செய்தி, தான் பிறந்த மண்ணின் பழத்தில் காட்டினால் மாணவன் மனத்தில் நிற்கும்.